பழைய மோட்டார் சைக்கிளின் முன் டிரம் பிரேக்: உள்ளிருந்து வெளியே சரிசெய்யும் முறை

பழைய புல்லட்டின் முன் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வயர் முனையில் உள்ள அட்ஜஸ்டர் நட்டில்தான். அதைத் தொட வேண்டியது கடைசியில். டிரம் பிரேக்கில் ஒவ்வொரு பாகமும் தனக்கு முந்தைய பாகத்தை நம்பி நிற்கிறது. சக்கரம் பேரிங்கின் மேல் சுழல்கிறது. ஸ்போக்குகளின் இழுப்பு டிரம்மின் வட்டத்தையே மாற்றுகிறது. டிரம்மின் உட்சுவரில் உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங் அந்த வட்டத்துக்கு ஏற்பக் கடையப்படுகிறது. லைனிங்கை டிரம்மை நோக்கித் தள்ளும் கேமும், அதை இழுக்கும் வயரும் லைனிங் நிற்கும் இடத்தைப் பொறுத்து அமைகின்றன. அதனால் வேலை உள்ளிருந்து வெளியே நடக்க வேண்டும். வரிசை மாறினால், நேற்று நன்றாகச் செய்த வேலை இன்று வீணாகிவிடும்.

இங்கே எடுத்துக்காட்டு, புல்லட்டில் வரும் 7 அங்குல, அதாவது 178 மில்லிமீட்டர், இரட்டை கேம் முன் பிரேக். லைனிங்கைத் தாங்கும் இரண்டு வளைந்த ஷூக்களுக்கும் இதில் தனித்தனி கேம் உண்டு. ஒற்றை கேம் உள்ள பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளுக்கும் இதே வரிசைதான். 9ஆம் பகுதியில், இரண்டு கேம்களையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி பற்றியதை மட்டும் அந்த வண்டிக்காரர்கள் விட்டுவிடலாம்.

1. கழற்றும் முன் குறையைப் படியுங்கள்

சக்கரத்தைக் கழற்றிவிட்டால் குறையின் அறிகுறிகள் கலைந்துபோகும். அதனால் முதலில் வண்டியை மெதுவாக ஓட்டி, கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்.

ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் பிடி கல் போல இறுகி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் பளபளத்துவிட்டது, எண்ணெய் குடித்துவிட்டது, அல்லது அது தவறான ரகம். பிடி பஞ்சு போல அமுங்கிக்கொண்டே போனால் வயர் உறை நசுங்குகிறது, அல்லது லைனிங் நடுவில் மட்டும் படுகிறது. பிடித்திருக்கும்போது விரலில் துடிப்பு தெரிந்தால் டிரம் வட்டமாக இல்லை. வெடுக்கென்று கவ்வினால் லைனிங்கின் முன்முனையைப் பாருங்கள். பிடியை விட்ட பிறகும் உரசினால் கேம் காய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வயர் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் குறையாக எண்ணாதீர்கள். சென்னையின் கத்திப்பாரா போன்ற மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, இரட்டை கேம் முன் பிரேக் வண்டியைப் பின்னால் உருளவிடும். முன்னோக்கி ஓடும்போது இரண்டு ஷூக்களையும் டிரம்மே இழுத்து அழுத்தும். பின்னோக்கி உருளும்போது அந்த உதவி இரண்டுக்கும் கிடைக்காது. ஏற்றத்தில் பின் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

2. முன்னதாகச் சேர்த்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பானர்கள், ஸ்போக் சாவி, வெர்னியர் காலிபர், இன்ஜினுக்கு அடியில் வைக்க உறுதியான மரக்கட்டை, 80 எண் உப்புத்தாள், தட்டை அரம், பள்ளிக்கூடச் சாக்பீஸ், அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், பிரேக் கிளீனர் அல்லது தின்னர், பழைய துணி, வாளியில் சோப்புத் தண்ணீர், நல்ல முகக்கவசம், கையுறை.

கழுவ மண்ணெண்ணெயும் டீசலும் வேண்டாம். பட்டறைகளில் எல்லாவற்றையும் அவற்றில்தான் கழுவுகிறார்கள் என்பதால் புதியவர்களும் அப்படியே செய்கிறார்கள். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். டிரம்முக்கும் லைனிங்குக்கும் எண்ணெய்தான் எதிரி.

புது ஷூவை உடனே வாங்கிவிடாதீர்கள். டிரம் கடைந்த பிறகு அதன் விட்டம் கூடியிருக்கும். அதை அளந்த பிறகுதான் எவ்வளவு தடிமனான லைனிங் தேவை என்பது தெரியும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ முதல் நாளே ஷூ வாங்கி வந்து, டிரம் கடைந்த பின் அது பொருந்தாமல் மறுபடியும் கடைக்கு அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

3. சக்கரத்தைக் கழற்றுதலும் தூசியும்

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். முன் சக்கரம் போனதும் எடைச் சமநிலை மாறி வண்டி சாயக்கூடும். வீட்டு வாசலில் தனியாகச் செய்பவர்கள் பின் சக்கரத்தை ஒரு தூணோடு கட்டிவைப்பது நல்லது.

வயரைக் கழற்றுவதற்கு முன், பிடியை இறுக்கிப் பிடித்தபடி பிரேக் ஆர்மையும் (வயர் இழுத்து, கேமைத் திருப்பும் கை) வயரையும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோணம் பின்னால் தேவைப்படும்.

ஷூக்களைத் தாங்கி டிரம்மை மூடியிருக்கும் பிளேட்டை உருவியதும் கறுப்புத் தூசி கொட்டும். வாயால் ஊதாதீர்கள், காற்றழுத்தக் குழாயால் அடிக்கவே அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பது வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் தீராத நோயைத் தரும். முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

4. பேரிங், பிறகு ஸ்போக்

ஆக்சிலை விரலால் சுற்றிப் பாருங்கள். நெறுநெறுவென்று இருந்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்கை மாற்றுங்கள். கடைசல் வேலை பேரிங்கின் மையத்தை வைத்துத்தான் நடக்கும். தேய்ந்த பேரிங்கோடு டிரம்மைக் கடைந்து, அதன் பிறகு புது பேரிங் போட்டால் மையம் நகர்ந்துவிடும். பேரிங்கில் கிரீஸை அளவோடு வையுங்கள். பிதுங்கும் அளவுக்கு அடைத்தால் ஓட்டத்தில் சூடேறி டிரம்முக்குள் வழியும். எண்ணெய் குடித்த லைனிங்குகளில் பல இப்படித்தான் கெடுகின்றன. கிரீஸ் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஸ்போக். ஒவ்வொன்றையும் ஸ்பானரால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஏறக்குறைய ஒரே ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. கோட்டம் எடுப்பதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, ரிம்மை நேராக்குவதோடு எல்லாக் கம்பிகளையும் சம இழுப்பில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்போக்குகள், டிரம் அமைந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை எல்லாப் பக்கமும் இழுக்கின்றன. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் டிரம் நுண்ணிய அளவில் முட்டை வடிவத்துக்குப் போகிறது. ஷூவை மாற்றியும் துடிப்பு போகவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் தட்டிப் பார்ப்பது ஸ்போக்குகளைத்தான்.

5. டிரம் கடைதல்

வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் பகுதி. ஓரிடத்தில் காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள்.

வெர்னியரால் டிரம்மின் உள்விட்டத்தைக் குறைந்தது நான்கு திசைகளில் அளந்து எழுதுங்கள். டிரம்மின் விளிம்பில் லைனிங் படாமல் ஒரு மேடு நின்றிருக்கும்; அதன் மேல் வைத்து அளந்தால் கணக்கு தவறும். நான்கு அளவுகளும் கால் மில்லிமீட்டர் வேறுபட்டால்கூடக் கையில் துடிப்பு தெரியும். பள்ளமான கீறல்கள், நீலம் பாரித்த சூட்டுத் தழும்புகள், மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த ஹப்பை ஒதுக்கிவிடுங்கள். கடைந்து காப்பாற்ற முடியாது.

கடைசல் பட்டறையில் “ஹப்பை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள் தம்பி, அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹப்பைத் தனியே கடைந்து வட்டமாக்கி, பிறகு ஸ்போக் கோத்து இறுக்கினால் வட்டம் மறுபடியும் கோணும். முழுச் சக்கரமும் ஸ்போக் இறுக்கத்தோடு லேத்தில் ஏற வேண்டும். டயரையும் டியூபையும் மட்டும் கழற்றுங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 19 அங்குலச் சக்கரத்தின் ரிம் அரை மீட்டர் விட்டத்துக்குச் சற்று மேல் வரும். தெருமுனையில் உள்ள சிறு லேத்தில் அது சுற்றாது. பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் அருகே படுக்கையில் பள்ளம் உள்ள பெரிய லேத் தேவை. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பட்டறைகளில் விசாரியுங்கள். கனரக வாகன டிரம் கடைபவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். போவதற்கு முன் ரிம்மின் வெளிவிட்டத்தை அளந்து, அது சுற்றுமா என்று தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள்.

டர்னரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். சக்கரத்தை ரிம்மில் பிடிக்கக் கூடாது. இரண்டு பேரிங்குகளின் வழியே மாண்ட்ரல் என்ற தண்டைக் கோத்து, சென்டர்களுக்கு இடையே பிடிக்க வேண்டும். மிக மெல்லிய வெட்டுகளாக எடுக்க வேண்டும். வட்டம் முழுதும் ஒரே மாதிரி பளிச்சென்று ஆனதும் நிறுத்திவிட வேண்டும். வேலை நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் ஒரு வெட்டு போடுவது சிலருடைய வழக்கம். டிரம்மின் ஆயுள் அந்த வெட்டில் போய்விடும். டிரம்மிலோ கையேட்டிலோ அதிகபட்ச விட்டம் குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

முதல் சுற்று ஓடும்போது அருகில் நின்று பாருங்கள். உளி சில இடங்களில் பட்டு, சில இடங்களில் படாமல் தாண்டும். பளபளப்புத் திட்டுகளும் கறுப்புத் திட்டுகளும் மாறி மாறி வரும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். கறுப்புத் திட்டுகள் ஒவ்வொரு வெட்டிலும் சுருங்கி மறைய வேண்டும்.

புது விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

6. ஷூவும் லைனிங்கும்

ஒட்டிய லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிவெட் அடித்ததில் ரிவெட் தலை மேற்பரப்பை நெருங்கிவிட்டாலே மாற்ற வேண்டும். தலை வெளியே வந்தால், இப்போது கடைந்த டிரம்மைக் கீறிவிடும்.

கிரீஸ் பட்ட லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஆபத்து, பயனும் இல்லை. லைனிங் எண்ணெயை உள்ளே உறிஞ்சியிருக்கும். ஓட்டத்தில் சூடேறியதும் மறுபடி கசியும். முன் பிரேக்கில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

உங்கள் வண்டியோடு வந்த பழைய ஷூ விரிசல் இல்லாமல் இருந்தால் அதையே வைத்துப் புது லைனிங் ஒட்டுவதுதான் என் தேர்வு. பழைய வார்ப்பு, ஷூ மறுமுனையில் ஊன்றித் திரும்பும் பிவட்டிலும் கேம் முகத்திலும் சரியாக உட்காரும். கடையில் கிடைக்கும் மலிவான மாற்று ஷூக்களில் அந்த இரண்டு இடங்களும் பலமுறை கோணலாக இருக்கின்றன. லைனிங் ஒட்டுபவரிடம் டிரம்மின் புது விட்டத்தைச் சொல்லி, அதற்கேற்பத் தடிமன் கூட்டியும் மென்மையான ரகத்திலும் கேளுங்கள். மிகக் கடினமான லைனிங் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். நகர ஓட்டத்தில் பழைய வண்டி அந்தச் சூட்டைத் தொடுவதே அரிது.

ஒட்டிய லைனிங்கை டிரம் வட்டத்துக்குப் பொருத்த வேண்டும். ஷூக்களைப் பிளேட்டில் பூட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தகடு செருகி, பிளேட்டை லேத்தில் ஏற்றி லைனிங்கை டிரம்மின் விட்டத்துக்கே கடையச் சொல்லுங்கள். பிறகு தகட்டை உருவினால் ஷூக்கள் சற்றே உள்ளே போய் டிரம்முக்குள் எளிதாக நுழையும். பிரேக் பிடிக்கும்போது வளைவு டிரம்மோடு முழுமையாகப் பொருந்தும். கடையும்போது எழும் தூசிக்கு டர்னரும் முகக்கவசம் அணியட்டும்.

லேத் வசதி கிடைக்காவிட்டால் சாக்பீஸ் போதும்; பொறுமைதான் வேண்டும். லைனிங் முழுதும் சாக்பீஸ் பூசி, சக்கரத்தைப் பூட்டி, கையால் சுற்றியபடி பிரேக்கை மெல்லப் பிடித்து விடுங்கள். திறந்து பார்த்தால் டிரம் பட்ட இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் லைனிங்கின் வளைவு டிரம்மைவிடச் சிறியது. பிடி பஞ்சு போல அமுங்கியதற்குக் காரணம் இதுதான். இரு முனைகளில் மட்டும் அழிந்திருந்தால் வளைவு பெரியது. பிரேக் கவ்வும், கீச்சிடும். அழிந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசிப் பாருங்கள். நீளத்தில் முக்கால் பங்காவது படும்வரை தொடருங்கள். ஈரத் துணியால் அடிக்கடி துடைத்தபடி தேய்த்தால் தூசி பறக்காது. கல்நார் இருக்கக்கூடிய பழைய லைனிங்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். புது லைனிங்குக்கு மட்டும்தான் இது.

கடைசியாக, ஒவ்வொரு ஷூவின் கேம் பக்க முனையிலும் லைனிங்கின் விளிம்பை அரத்தால் சாய்வாக எடுங்கள். டிரம் முதலில் சந்திக்கும் முனை அது. கூராக விட்டால் டிரம்மைக் கொத்தி, வெடுக்கென்று கவ்வும்.

7. கேம், பிவட், ஸ்பிரிங்

கேம் தண்டைப் பிளேட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் தண்டு சுழலும் குழலான புஷ்ஷை மாற்ற வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு தண்டைச் சாய்ப்பதிலேயே போய்விடும். துருவைத் துடைத்து, தண்டிலும் கேம் முகத்திலும் பிவட்டிலும் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். திரளாகத் தெரிந்தால் அது அதிகம்.

ஸ்பிரிங்குகளின் சுருள்கள் நெருக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் புதிதாகப் போடுங்கள். ஷூக்களைப் பூட்டும்போது ஸ்பிரிங்கைக் குறடால் இழுத்து மாட்டப் போராட வேண்டாம். ஸ்பிரிங்குகளை முதலிலேயே ஷூக்களில் கொக்கியிட்டு, இரண்டு ஷூக்களையும் பாதி திறந்த புத்தகம் போல மடக்கிப் பிளேட்டில் வைத்து, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். விரல் நடுவில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பிளேட்டை மையப்படுத்துதல்

பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் படி இது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சக்கரத்தை ஃபோர்க்கில் ஏற்றி, பிளேட் ஃபோர்க் காலின் பிடிமானத்தில் சரியாக உட்கார்ந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். அந்தப் பிடிமானம் விட்டால் ஓட்டத்தில் பிளேட்டே சுழன்று, வயர் அறுந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு வயரைத் தற்காலிகமாக மாட்டி, ஆக்சில் நட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள். ஷூக்கள் டிரம்மில் அழுந்தும்போது பிளேட் தானாக மையத்துக்கு நகரும். பிடியை விடாமலே நட்டை முறுக்குங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்குவது வசதி. ஆள் இல்லாவிட்டால் பிடியைக் கயிற்றால் கட்டிவிடலாம்.

இரட்டை கேம் வண்டியில் இணைப்புக் கம்பியைக் கழற்றிய நிலையில் இதைச் செய்யக் கூடாது. ஒரு ஷூ மட்டும் அழுத்தி, பிளேட்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கம்பியைத் தோராயமாகப் பூட்டி மையப்படுத்துங்கள். நுட்ப அளவை அதன் பிறகு பார்க்கலாம்.

ஃபோர்க் கால்களின் அடிமூடிகளை முழுதாக இறுக்குவதற்கு முன், வண்டியைத் தரையில் இறக்கி முன்பக்கத்தைச் சில முறை அமுக்கி விடுங்கள். கால்கள் ஆக்சிலில் தங்கள் இடத்துக்கு வந்துவிடும். இல்லையென்றால் ஃபோர்க் இறுகி, அந்தக் குறையையும் பிரேக்கின் தலையில் போடுவோம்.

9. இணைப்புக் கம்பி

இரட்டை கேம் பிரேக்கின் பலம் முழுதும் இரண்டு ஷூக்களும் ஒரே கணத்தில் படுவதில் இருக்கிறது. கம்பி நீளம் தவறினால் ஒரு ஷூ வேலை செய்யும். மற்றது வேடிக்கை பார்க்கும். புல்லட்டின் முன் பிரேக்கே இவ்வளவுதான் என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் ஒற்றை ஷூவில்தான் ஓட்டுகிறார்கள்.

முதலில் வயர் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, கம்பியின் ஒரு முனைப் பின்னைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஆர்மையும் கையால் நகர்த்தி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தை உணருங்கள். சக்கரத்தைச் சுற்றினால் மெல்லிய உரசல் கேட்கும். இரண்டு ஆர்ம்களையும் அந்தத் தொடுநிலையில் ஒருவர் பிடித்திருக்க, அந்தப் பின் தானாக விழுந்து உட்காரும் அளவுக்குக் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். பின்னைத் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் நீளம் சரியில்லை. லாக் நட்டை இறுக்கி, ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்.

மீண்டும் ஒரு முறை 8ஆம் பகுதியைச் செய்து, கம்பியைத் திரும்பச் சரிபாருங்கள். ஒன்று நகர்ந்தால் மற்றதும் சற்று நகரும்.

இப்போது பிடியை இறுக்கிப் பிடித்து ஆர்மின் கோணத்தைப் பாருங்கள், முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். முழுப் பிடியில் வயருக்கும் ஆர்முக்கும் இடையே 90 பாகை அல்லது அதற்குச் சற்றுக் குறைவு நல்லது. அதைத் தாண்டினால் நெம்புவிசை குறையும். பல் வெட்டிய தண்டு என்றால் ஆர்மை ஒரு பல் நகர்த்துங்கள். சதுர முனைத் தண்டில் அதற்கு வழியில்லை. கோணம் தாண்டினால் லைனிங் போதவில்லை என்று பொருள். மெலிந்த லைனிங்கோடும் அகன்ற டிரம்மோடும் வயரை மட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டே போனால், கேம் படுத்த நிலைக்குப் போய் அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் முன் சக்கரம் பூட்டுவது உயிருக்கே ஆபத்து.

10. வயரும் பிடியும்

புது வயர் விலை அதிகமில்லை; இவ்வளவு வேலைக்குப் பிறகு பழையதை மாட்டாதீர்கள். பூட்டும் முன் உள்வயரில் எண்ணெய் விடுங்கள். நைலான் உறை உள்ள வயருக்கு அது தேவையில்லை. கூர்மையான வளைவுகள் இல்லாமல் வழி அமையுங்கள். பிடியின் உள்ளே இருக்கும் குமிழ் சுழல வேண்டும்; இறுகிப்போனால் ஒவ்வொரு பிடிப்பிலும் வயர் அதே இடத்தில் மடங்கி, இழை இழையாக அறும்.

இப்போதுதான் அட்ஜஸ்டர் நட்டுக்கு வேலை. பிடியின் முனை 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகு ஷூ தொடத் தொடங்கட்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் உரசினால் வயரின் வழி தவறு.

11. லைனிங்கைப் பழக்குதல்

புது லைனிங் முதல் நாளே முழு பலம் காட்டாது. போக்குவரத்து இல்லாத விடியற்காலைச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து, 10க்கு இறக்கி, மறுபடி வேகமெடுத்து, ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இருபது, முப்பது முறை தேவைப்படும். சூடான பிறகு வண்டியை நிறுத்தி பிரேக்கைப் பிடித்தபடியே நிற்காதீர்கள்; பட்ட இடம் மட்டும் வெந்துவிடும். கடற்கரையோரச் சாலைகளில் மணல் படிந்திருக்கும் என்பதால் இந்தப் பயிற்சிக்கு அவற்றைத் தவிருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் திறந்து பாருங்கள். லைனிங் முழுதும் ஒரே நிறத்தில் மங்கலாகத் தேய்ந்திருந்தால் சரி. கண்ணாடி போலப் பளபளக்கும் திட்டு இருந்தால் அந்த இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். இணைப்புக் கம்பியையும் அப்போது ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் இரண்டு லைனிங்குகளும் ஒரே அளவில் தேய்வதில்லை.

சென்னையின் உப்புக் காற்றில், குறிப்பாகத் திருவொற்றியூர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில், இரவு நிறுத்திய வண்டியின் டிரம்மில் காலைக்குள் மெல்லிய துரு படியும். முதல் பிடிப்பு வெடுக்கென்று கவ்வும். தெருவைத் தாண்டுவதற்குள் மெதுவாக இரண்டு முறை பிடித்துவிட்டால் அது போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் தேங்கிய நீரைக் கடந்தால், உடனே பிரேக்கை நம்பாதீர்கள். ஓட்டியபடியே சிறிது தூரம் லேசாகப் பிடித்து லைனிங்கை உலர்த்துங்கள். சக்கரத்தின் பாதிக்கு மேல் நீர் ஏறியிருந்தால் அந்த வார இறுதியிலேயே திறந்து, துடைத்து, கேமுக்குப் புது கிரீஸ் பூசுங்கள்.